நிழலில் உலர்ந்த சவுரி

நம் வயதுக்காரர்களிடம் மட்டும் கேட்கிறேன். காலையில் தலை வாரி முடித்ததும், சீப்பில் சிக்கியதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தானே சுருட்டி எறிகிறீர்கள்? நானும் அப்படித்தான். ஐம்பதைத் தாண்டிய பிறகு நாம் கூடுகிற இடங்களில் முட்டிவலி, சர்க்கரை எல்லாம் பேசி முடித்ததும் பேச்சு தலைமுடிக்குத்தான் வந்து நிற்கிறது. போன வாரம் நம்மில் ஒருத்தி, பெயர் வேண்டாம், கைப்பையிலிருந்து ஒரு பாலித்தீன் கவரை எடுத்துக் காட்டினாள். உள்ளே கிளிப் வைத்த எக்ஸ்டென்ஷன். அசல் மனித முடி. வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, அதற்குள் நாராகிவிட்டது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றாள். வாங்கி முகர்ந்து பார்த்தேன். ஈரத்தோடு சுருட்டி வைத்த துணியின் வாடை அடித்தது. முடி நல்ல முடிதான், நீ வைத்த விதம்தான் சரியில்லை என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்று எல்லோரும் திரும்பினார்கள். அன்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

என் அம்மா முடி கம்பெனியில் வேலை பார்த்தாள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் புதிது புதிதாகக் கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். நைனாவுக்கு இரும்பு உருக்கும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அம்மாவின் கம்பெனிக்கு லாரியில் மூட்டை மூட்டையாகக் கோயில் முடி வந்து இறங்கும். அதை அலசி, காயவைத்து, ஆணிகளை நெருக்கமாக அடித்த பலகையில் இழுத்துச் சிக்கெடுத்து, நீளம் பார்த்துப் பிரித்து, மெஷினில் வரிசையாகத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். வேர்ப் பக்கமெல்லாம் ஒரு புறம், நுனியெல்லாம் மறு புறம் இருக்க வேண்டும். தலைகீழாக ஒரு கொத்து கலந்தாலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மொத்தமும் சிக்காகிவிடும். அம்மா வேலை முடிந்து வரும்போது அவள் சேலை மடிப்பில், சோற்று டப்பாவின் மூடியில், சில நாள் நாங்கள் குடிக்கிற ரசத்தில்கூட, யாரோ ஒருத்தியின் முடி இருக்கும்.

இது அத்தைக்குப் பிடிக்காது. அத்தை நைனாவின் அக்கா. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். மாமா நெல் நிலத்தையும் மோட்டார் கொட்டகையையும் தவிர வேறெதிலும் தலையிடாதவர். அதனால் இரண்டு வீட்டுக்கும் அத்தைதான் அதிகாரம்.

"ஊரான் மயிர நாள் பூரா அளைஞ்சிட்டு வந்து, அந்தக் கையாலயே கொழந்திக்கு சோறு போடறா பாரு. உவ்வே" என்று எங்கள் வாசலில் நின்றே சொல்வாள்.

"கைய கழுவிக்கினுதான் அண்ணி போடறேன்" என்பாள் அம்மா.

"எத்தினி வாட்டி கழுவினா போவுமா அது?"

அம்மா மறுபடியும் கையைக் கழுவப் போவாள். அத்தை ஒன்று சொன்னால் அதை மறுத்துப் பேசி நான் யாரையும் பார்த்ததில்லை.

அம்மாவுக்கே நல்ல முடி. பின்னிவிட்டால் இடுப்பைத் தாண்டிக் கிடக்கும். ஒரு ஆடி மாதத்தில், பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்கு மஞ்சள் சேலைக்காரர்கள் டிராக்டரில் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிற நாட்களில், நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தோடு முடி நின்றிருந்தது. எனக்கு அது என் அம்மாதானா என்று ஒரு கணம் சந்தேகம்.

"அம்மா, உன் முடி எங்கம்மா?"

"தோ கீது பாரு" என்றாள்.

அவள் மடியில் அது தனியாகக் கிடந்தது. மேலே ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டியிருந்தாள். நான் தொட்டுப் பார்த்தேன். இன்னும் சூடாக இருந்தது போலத் தோன்றியது. வலிக்கிறதா என்று கேட்டேன். யாருக்கு, எனக்கா அதுக்கா என்று கேட்டு அவள் சிரித்தாள். சிரித்த முகம் வேறு யாருடையதோ போல இருந்தது.

அன்று எனக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்துவிட்டால் நல்லது. அம்மாவுக்கு மார்பில் கட்டி. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்து, புற்றுநோய் என்று சொல்லி, மருந்து ஏற்ற ஆரம்பித்தால் முடி கொட்டிவிடும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். கொட்டட்டும் என்று விட அவளுக்கு மனசில்லை. முடி வேலை தெரிந்தவள். கொட்டுவதற்கு முன்பே தன் முடியைத் தானே வெட்டி, கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்களின் உதவியோடு தலை முழுக்க மூடும் வலையில் வைத்துத் தைத்து, இறுகப் பிடிக்க நாடாவும் கிளிப்பும் போட்டு, சவுரியாக்கிக்கொண்டாள். இதெல்லாம் எனக்குப் பதினெட்டு வயதுக்கு மேல்தான் நைனா சொன்னார். அப்போது எனக்கு ஒன்பது.

ஏன் மறைத்தார்கள் என்றால், அத்தை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தை மாதம் முகூர்த்தம். புற்றுநோய் என்றால் ஒட்டிக்கொள்ளும் என்றும், வீட்டுக்கு ஆகாது என்றும் ஊரில் பேசுவார்கள். பெண்ணின் தாய்மாமன் வீட்டில் இப்படி என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள் என்று நைனா பயந்தார். எல்லாவற்றையும்விட, அத்தைக்குத் தெரிந்தால் என்ன சொல்வாளோ என்று பயந்தார்.

அத்தை அம்மாவின் கழுத்தைப் பார்த்த அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னாமே இது கோலம்? கம்பெனிக்கு வித்துட்டியா?"

"இல்ல அண்ணி. வேக்குரு தாங்கல."

"எங்களுக்கெல்லாம் வேக்குருவே வர்றதில்லியா? டேய் தம்பி, உன் பொண்டாட்டிய நீ ஒண்ணுமே கேக்கமாட்டியாடா?"

நைனா சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார். அன்று அவருக்கு விடுமுறை. எனக்கே தெரியும். ஏன் பொய் சொல்கிறார் என்று புரியவில்லை.

சில நாளில் அம்மா பழையபடி நீளப் பின்னலோடு கம்பெனியிலிருந்து வந்து இறங்கினாள். தெருவே பார்த்தது. அத்தை அவளைச் சுற்றி ஒரு நடை நடந்து பின்னலைப் பிடித்துப் பார்த்தாள்.

"வெட்டினதையே எடுத்து மாட்டிக்கினியா? அப்ப எதுக்கு வெட்டினமே?"

எனக்கும் அதே கேள்விதான் இருந்தது.

சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு அம்மா சவுரியைக் கழற்றுவாள். முதலில் நுனியைச் சீப்பால் வாருவாள். அகலப் பல் சீப்பு. நுனிச் சிக்கு போன பிறகு கொஞ்சம் மேலே, அப்புறம் இன்னும் கொஞ்சம் மேலே. மேலிருந்து இழுத்தால் தையலோடு பிய்ந்து வந்துவிடும். வாரத்தில் ஒரு நாள் சீயக்காய்த் தண்ணீரில் முக்கி எடுப்பாள். கசக்கமாட்டாள், பிழியமாட்டாள். துண்டில் வைத்து ஒற்றி, பின்பக்கத் தாழ்வாரத்தில், வெயில் படாத இடத்தில், ஹேங்கரில் தொங்கவிடுவாள். வெயிலில் போட்டால் செம்பட்டையாகி முறுகிவிடுமாம். நன்றாகக் காய்ந்துவிட்டதா என்று தையல் ஓரத்தில் விரலை வைத்து வைத்துப் பார்ப்பாள். அங்கேதான் ஈரம் ஒளிந்திருக்கும். காய்ந்த பிறகு தளரப் பின்னி, தன் கல்யாணப் பட்டு ரவிக்கையைப் பிரித்துத் தைத்த பையில் போட்டு, பூச்சி அண்டாமல் ஒரு துண்டு வசம்பும் வைத்து, தகர பீரோவுக்குள் மாட்டுவாள். பாலித்தீன் கவர் கிட்டேயே வரக்கூடாது. அதற்கும் மூச்சு விட இடம் வேண்டும் என்பாள்.

அந்த ஒரு வார்த்தை என்னை ரொம்பக் குழப்பியது. மூச்சு விடும் என்றால் அது உயிரோடு இருக்கிறது. உயிரோடு இருந்தால் வளரும். பீரோ திறந்திருக்கும்போதெல்லாம் என் மரப் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்து பார்த்தேன். அது வளரவே இல்லை. அம்மாவின் தலையில் இருந்த மிச்ச முடியோ நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. அவள் தலையில் எப்போதும் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்ள ஆரம்பித்தாள். நான் பார்க்கிற மாதிரி அதை அவிழ்க்கவே மாட்டாள்.

நடுவில் அம்மா கொஞ்ச நாள் வீட்டில் இல்லை. கம்பெனி வேலையாக பெங்களூரு போயிருக்கிறாள் என்று நைனா சொன்னார். ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறாள். திரும்பி வந்தவள் எனக்கு ஒரு சிவப்புச் சீப்பு கொடுத்தாள். பெங்களூரு சீப்பு என்று வகுப்பு முழுக்கக் காட்டினேன். அதே சீப்பு சென்ட்ரல் வாசலில் தள்ளுவண்டியில் கிடைக்கும் என்று ஒரு பெண் சொன்னாள். அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன். பெங்களூரு எப்படி இருந்தது என்று அம்மாவைக் கேட்டால், "குளிருது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள்.

அதற்கு முன்பும் பின்பும் அவள் அடிக்கடி விடிந்ததும் நைனாவோடு சென்னை ரயிலைப் பிடிக்கப் போனாள். திரும்பி வந்த பிறகு இரண்டு மூன்று நாள் எழுந்திருக்கமாட்டாள். வாந்தி. தாளிக்கிற வாசனை வந்தால் வாந்தி. சுவருக்கு அந்தப் பக்கம் அத்தைக்கு எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் ஒரு தூக்கு நிறைய மாங்காய்த் தொக்கும் முகம் நிறையச் சிரிப்புமாக வந்து நின்றாள்.

"எத்தினி மாசம்மே? என்கிட்டகூட சொல்லக்கூடாதா?"

அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனா தரையைப் பார்த்தார். இல்லை என்று அவர்கள் இரண்டு பேரில் யாராவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பொய்யை அவர்கள் தேடிப் போகவில்லை. அது தூக்குச்சட்டியோடு வாசலுக்கே வந்தது, வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அத்தை என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். "உனக்குத் தம்பி வரப்போறான்டி கண்ணு" என்றாள். அம்மாவைக் காலமெல்லாம் திட்டியவள் அன்றிலிருந்து அவளைக் குனியவிடவில்லை. எங்கள் வீட்டுத் தண்ணீரையும் அவளே இறைத்தாள். தெருவில் யாராவது சவுரியைப் பற்றிக் கிண்டல் செய்தால், "உன் தலைய பாத்துக்கினு போ" என்று சண்டைக்குப் போனாள். நான் தம்பிக்குப் பெயர் யோசிக்க ஆரம்பித்தேன். அம்மாவின் வயிற்றைப் பார்த்தால் அது பெருக்கவே இல்லை, அவளோ இளைத்துக்கொண்டே போனாள். தம்பி உள்ளே சாப்பிடுகிறான், அதனால்தான் என்று அத்தை சொன்னாள். சரி என்று நம்பினேன்.

கார்த்திகையில் ஒரு பிற்பகல். மழை என்று பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். நான் பின்பக்கமாக வீட்டுக்குள் நுழையும்போது அத்தை தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையில் கஞ்சிச் சொம்பு. அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே பாயில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். தலையிலிருந்த துண்டு நழுவித் தரையில் கிடந்தது. நானும் அப்போதுதான் பார்த்தேன். அவள் தலையில் ஒன்றுமே இல்லை. காதுக்கு மேலே, கிளிப் அழுத்துகிற இடங்களில், தோல் சிவந்து புண்ணாகியிருந்தது. புருவம்கூட இல்லை.

எனக்கு என்ன பார்க்கிறேன் என்றே புரியவில்லை. அத்தையின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் இந்த மாதிரித் தலைகளை அவள் பார்த்திருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பி மழை தாழ்வாரத்துக்குள்ளே அடித்தது. அங்கே ஹேங்கரில் சவுரி தொங்கிக்கொண்டிருந்தது. அத்தை சொம்பைக் கீழே வைத்துவிட்டு ஒரே தாவாகத் தாவி அதை எடுத்துத் தன் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். ஊரான் மயிர் என்று முகம் சுளித்தவள், சுவரோரமாக உட்கார்ந்து, தன் சேலையால் அதை ஒற்றி ஒற்றி ஈரம் எடுத்தாள். பிழியவில்லை. அம்மா செய்வதை அவள் எப்போது கவனித்தாள் என்று எனக்குத் தெரியாது. முகத்தில் மழைத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவே இல்லை.

"அத்தை, தம்பி..." என்று ஆரம்பித்தேன்.

"உஸ்ஸு. அம்மா தூங்கறா. எயுப்பாத" என்றாள். சவுரியை உள்ளே கொண்டுபோய் ஜன்னல் கம்பியில் மாட்டினாள். துண்டை எடுத்து அம்மாவின் தலைமேல் மெதுவாகப் போட்டாள். கஞ்சியை மூடி வைத்தாள். என் பக்கம் திரும்பி, "நான் வந்ததா சொல்லாத, இன்னா?" என்று சொல்லிவிட்டு மழையிலேயே போய்விட்டாள்.

அம்மா எழுந்து பார்த்து, சவுரி உள்ளே இருப்பதைக் கண்டு, "நீயா எடுத்து வெச்ச?" என்று கேட்டாள். தலையை எப்படியோ ஆட்டினேன்.

அத்தை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பிள்ளைப் பேச்சை நிறுத்திவிட்டாள். மாங்காய்த் தொக்குக்குப் பதில் மாதுளம்பழம் வந்தது. அம்மாவை ஏதாவது கேட்டு நான் நச்சரித்தால், "அவள பேஜாரு பண்ணாத, என்னாண்ட வா" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே குரல் வரும். அம்மாவும் நைனாவும் அவளுக்குப் பயந்து மறைத்தார்கள். அவள் தெரிந்ததை அவர்களுக்குத் தெரியாமல் மறைத்தாள். ஒரே சுவரின் இரண்டு பக்கமும் மறைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நான், எந்தப் பக்கம் எதைப் பேசக்கூடாது என்று தெரியாமல், வாயைத் திறக்கவே பயந்துகொண்டிருந்தேன்.

பொங்கல் முடிந்தது. கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு பெரியபாளையம் போனாள். பத்திரிகை வைத்துக் கும்பிட்டுவிட்டு வரப்போகிறோம் என்று வீட்டில் சொல்லியிருந்தாள். வேப்பிலை வாசனையும் கற்பூரமும் கோழிச் சத்தமுமாக ஒரே நெரிசல். நேராக மொட்டை போடுகிற கொட்டகைக்குப் போனாள். என்னிடம் பத்திரிகைப் பையைக் கொடுத்துவிட்டு, தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, பலகையில் உட்கார்ந்தாள்.

மழிக்கிறவர் கேட்டார். "பூ முடியாம்மா?" மூன்று விரல்கடை வெட்டிக் கொடுப்பதுதான் பூ முடி. பெண்கள் பெரும்பாலும் அதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

"முயுசா எடுப்பா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அத்தை! அக்கா கல்யாணம்!"

"தெரியும்டி."

அத்தையின் முடி கற்றை கற்றையாகத் தரையில் விழுந்தது. பாதி நரை. அங்கே ஏற்கெனவே குவிந்திருந்த முடியோடு அது போய்ச் சேர்ந்தது. எனக்கு இந்த விஷயத்தில் ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரியும், அதைச் சொன்னேன்.

"இதெல்லாம் எங்கம்மா கம்பெனிக்குத்தான் போவும் அத்தை. உன் முடிய எங்கம்மாதான் சிக்கெடுப்பாங்க."

அத்தை சிரித்தாள். சத்தமாகச் சிரித்தாள். மழிக்கிறவர் கத்தியை எடுத்துக்கொண்டு, ஆடாதம்மா என்றார். சிரிப்பு அடங்கியபோது அவள் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

"எடுக்கட்டும்டி. அவ வந்து உக்காந்து எடுக்கட்டும். அதத்தான் கேட்டுக்கினு கீறேன் அவளாண்ட" என்று கோபுரத்தின் பக்கம் கையைக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் நைனா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "இன்னா அக்கா இது! பொண்ணுக்குத் தாயி நீ. பந்தல்ல மொட்டத் தலையோட நிப்பியா?"

"வேண்டுதல்டா. இப்ப செலுத்தணும்னு தோணுச்சு, செலுத்திட்டேன்."

இல்லாத அந்தப் பிள்ளைக்காகத்தான் வேண்டியிருக்கிறாள் என்று நினைத்து அவர் இன்னும் நொறுங்கிப்போனார்.

கல்யாணக் காலை. எங்கள் வீட்டில் அம்மா கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பட்டுப் பையிலிருந்து சவுரியை வெளியே எடுத்தாள். மருந்து ஏற்றுவது முடிந்திருந்தது. தலையில் பூனை முடி மாதிரி லேசாக ஏதோ முளைத்திருந்தது. தாய்மாமன் மனைவியாக அவள்தான் சீர்த்தட்டு எடுத்துப் பந்தலுக்குள் நடக்க வேண்டும். இத்தனை மாதம் அந்தச் சவுரியை அவள் பாதுகாத்தது அந்த நடைக்காகத்தான். கண்மையால் புருவம் எழுதிக்கொண்டாள். முதல் கிளிப்பைப் புண் மேலே வைத்து அழுத்தும்போது பல்லைக் கடித்தாள். அப்போது அத்தை உள்ளே வந்தாள். பட்டுச் சேலை, மொட்டைத் தலை, கையில் ஒரு கிண்ணம் சந்தனம். அவளைப் பார்க்க எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"அத எடுத்து உள்ள வை" என்றாள்.

அம்மாவின் கை அப்படியே நின்றது. "அண்ணி..."

"உள்ள வைன்றேன். புண்ணு மேல புண்ணு வெச்சிக்கினு எவளுக்கு இதெல்லாம்?"

"அண்ணி, வந்தவங்க கேப்பாங்க. அவங்க ஊட்டாளுங்க..."

"நீ ஒருத்தி மொட்டையா நின்னா இன்னா ஏதுன்னு தோண்டுவாங்க. நானும் பக்கத்துல மொட்டையா நின்னா, நாத்தனாளும் தம்பி பொண்டாட்டியும் பெரியபாளையத்தாளுக்கு வேண்டிக்கினு போட்டாங்கன்னு போய்ட்டே இருப்பாங்க. அதுக்குத்தானமே நான் போட்டுக்கினு வந்து நிக்கிறேன்!"

அம்மா கிளிப்பைக் கழற்றிச் சவுரியை மடியில் வைத்தாள். "உங்களுக்கு எப்போ அண்ணி தெரியும்?" என்றாள்.

"மயை பேஞ்சிதே, அன்னிக்கி."

நைனா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தை அவர் பக்கம் திரும்பினாள். "என் பொண்ணு கல்யாணம் நின்னுடும்னு இவ நோவ மூடி வெச்சியாடா? நின்னா நிக்கட்டும்னு சொல்லமாட்டேனா நானு? அவ்ளோதானா உனக்கு என்னைத் தெரிஞ்சது?"

நைனா அழுது நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

இரண்டு பேரும் சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு சீர்த்தட்டு ஏந்திப் பந்தலுக்குள் போனார்கள். நான் வெற்றிலைத் தட்டோடு பின்னால் போனேன். பேச்சு ஒரு நிமிஷம் அடங்கியது. மாப்பிள்ளையின் அம்மா எதிரே வந்தார். ஆந்திரா எல்லையோரக் கிராமத்துக்காரர், கொஞ்சம் கண்டிப்பானவர் என்று பெயர். முதலில் அத்தையைப் பார்த்தார்.

"வேண்டுதலுங்க சம்மந்தி. ரெண்டு பேரும் சேந்து போட்டுக்கினோம்" என்றாள் அத்தை, அவர் கேட்பதற்கு முன்பே.

அவர் அம்மாவைப் பார்த்தார். கண்மைப் புருவம் வேர்வையில் லேசாகக் கலைந்திருந்தது. அந்தப் புருவத்தை, அந்த இளைத்த கழுத்தை, காதுக்கு மேலிருந்த புண்ணை நெடுநேரம் பார்த்தார். அத்தை தட்டோடு அம்மாவை ஒட்டி நகர்ந்து நின்றாள். பிறகு அவர் பக்கத்திலிருந்த சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, அம்மாவின் தலையில், புண்ணைத் தொடாமல் சுற்றிச் சுற்றி, காய்ந்துபோயிருந்த இடத்திலெல்லாம் மறுபடி பூசினார். "அம்மவாரு பாத்துக்குவா. உள்ள வாங்க, நிக்காதீங்க" என்று அம்மாவின் கையிலிருந்த தட்டைத் தானே வாங்கிக்கொண்டார்.

அவருக்குத் தெரிந்துவிட்டதா, தெரியாமலே பூசினாரா? பின்னாளில் எத்தனையோ முறை அவரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டிருக்கிறேன். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கும் கேட்க வாய் வந்ததில்லை.

தம்பி எங்கே போனான் என்று மட்டும் எனக்கு யாரும் சொல்லவில்லை. மாசியில் அம்மா மறுபடி கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாள். வயிறு அப்படியே இருந்தது. ஒரு நாள் அத்தையிடமே கேட்டுவிட்டேன். அவள் முளைத்துக்கொண்டிருந்த தன் தலையைத் தடவியபடி என்னைப் பார்த்தாள்.

"தம்பி வரலடி. அவனுக்குப் பதிலா உங்கம்மா வந்துட்டா."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிய இன்னும் பல வருஷம் ஆனது.

அம்மாவுக்குத் திரும்ப வந்த முடி சுருட்டையாகவும் நரையாகவும் வந்தது. பட்டுப் பையில் இருந்ததோ நேராகவும் கறுப்பாகவும் அப்படியே இருந்தது. இனி அது அவள் தலையில் ஒட்டாது. ஆனாலும் அவள் அதை அலசுவதையும் நிழலில் உலர்த்துவதையும் விடவில்லை. கம்பெனியில் கூட வேலை பார்த்த ஒருத்திக்கு அதே நோய் வந்தபோது அம்மா பையோடு தூக்கிக் கொடுத்தாள். எப்படி வாருவது, எப்படிக் காயவைப்பது என்று உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். அவள் தேறி, தன் முடி வளர்ந்து, திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள். அப்புறம் இன்னொருத்தி. ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் அம்மா விளக்கடியில் வைத்து இழை இழையாகப் பார்ப்பாள். ஒரு கிளிப் மாற்றுவாள், ஒரு தையல் போடுவாள். நான் கல்யாணமாகிப் போன பிறகும் அது போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

கடைசியாக அது காக்களூர் பக்கம் ஒரு இளம் பெண்ணுக்குப் போனது. கைக்குழந்தைக்காரி. நான் அம்மா வீட்டுக்கு வந்திருந்த ஒரு காலையில் அவள் கணவன் வாசலில் வந்து நின்றான். தலையில் புது மொட்டை. கையில் மடித்த பட்டுப் பை, காலியாக. அவனைப் பார்த்ததும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

"கொண்டாந்து குடுத்துடணும்னுதான்மா இருந்தேன்" என்றான். "தலைலேர்ந்து கழட்றதுக்கு அன்னிக்கி கை வரல. அதோடவே கொண்டுபோய்ட்டோம். அவளுக்கு அது அவளுதாவே ஆய்ட்ச்சிம்மா."

அம்மா பையை வாங்கிக்கொண்டாள். "சிக்கு இல்லாம இருந்திச்சாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

"நானே வாரிவிட்டேன்மா. நுனியிலேர்ந்து."

அம்மா தலையை ஆட்டினாள். பிறகு உள்ளே திரும்பி, "இன்னும் ரெண்டு தோச ஊத்துடி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவனுக்கு மணையை நகர்த்திப் போட்டாள்.